குதிரை மேல் இருக்கும் தலை

"தலையை வெட்டிடுங்க அண்ணி, அவ்வளவுதான், வேற பேச்சே..."

"வெட்ட மாட்டேன்னு நான் சொல்லி வாய் மூடறதுக்குள்ள நீ..."

"நான் சொல்றதை முழுசாக் கேட்டாத்தானே..."

"முழுசாத்தான் கேட்டேன். நாலு தடவை கேட்டேன். கழுத்தோட அறுக்கணும், டிராயர்ல போட்டுப் பூட்டணும், வேற தலை ஒண்ணு ஒட்டணும். கேட்டாச்சு. மாட்டேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமை நான் வரலை."

"வராதே."

"வரலைன்னா யாரு ஆடுவா? நீங்களா? உங்களுக்குப் பகடை உருட்டவே கூச்சம்."

"உங்க அண்ணனை ஆடச் சொல்றேன்."

ஃபிரிட்ஜின் தலைமேல் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னை எதுக்கு இழுக்கறீங்க? நான் பாட்டுக்கு ஒரு ஓரமா நிக்கறேன்" என்றார்.

அவர் இப்படி ஓரமாக நின்று சாப்பிட ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. சாப்பாட்டு மேஜை முழுவதும் படை இறங்கியிருந்தது. பத்தொன்பது காலாட்கள், ஒரு குதிரை, குதிரைமேல் ஒரு தளபதி. தளபதியும் குதிரையுமாகச் சேர்ந்து கட்டைவிரல் உயரம். இவ்வளவு சண்டைக்கும் காரணமான தலை ஒரு மிளகு அளவு இருந்தால் அதிகம்.

அந்த மிளகில் நாத்தனாரின் முகம் இருந்தது. அதுதான் வினை.

அண்ணி வேலை பார்ப்பது பல்செட்டு செய்யும் கூடத்தில். இருபத்தாறு வருஷமாக ஊர் மெல்லுவதற்கெல்லாம் பல் செய்து கொடுத்தவள். மெழுகில் பல் வடிப்பது, ஈறுக்கு நிறம் சேர்ப்பது, அரை மயிரிழை உயரத்தைத் தேய்த்துக் குறைப்பது எல்லாம் அவள் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. நல்ல பல் என்றால் அது கட்டின பல் என்று யாருக்கும் தெரியக்கூடாது. 'அட, யார் செய்தது?' என்று ஒருவர் கேட்டுவிட்டாலே வேலை கெட்டுப்போனதாக அர்த்தம். இருபத்தாறு வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாள், பாவம்.

நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. இரண்டு தெரு தள்ளி வீடு. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு திணறும்போது, பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வந்தாலும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது, கால் மட்டும் அழுத்தும். அதனால் குடும்பத்தில் அவளுக்குப் 'பிரேக்கு' என்று பெயர். வாய்க்கு மட்டும் அந்த வசதி இல்லை என்பார் அவள் அண்ணன்.

இந்த இருவரையும் பொம்மைப் போர் சேர்த்து வைத்தது. சைக்கிள் கடை மாடியில் ஒரு கூடம். மாதம் ஒரு முறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் பச்சைத் துணி விரித்து, தெர்மோகோல் மலையும் ஸ்பாஞ்சு மரமும் வைத்து, பகடை உருட்டிப் பொம்மைப் படைகளை மோதவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு பெரிய ஆட்டம். அதற்கு இரண்டே சட்டம். கடையில் வாங்கின பொம்மையை அப்படியே கொண்டுவரக் கூடாது, கையோ காலோ தொப்பியோ ஏதாவது ஒன்றை அறுத்து ஒட்டி மாற்றியிருக்க வேண்டும். இது முதலாவது. எந்தத் தளபதி விழுந்தாலும், ஆட்டத்தில் யார் ஜெயித்தாலும் சரி, வீழ்த்தியவர் அந்தப் பொம்மையை வீட்டுக்கு எடுத்துப் போய்விடலாம். திரும்பி வராது. இது இரண்டாவது.

அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து ஒரு படை. செய்வது இவள், நகர்த்துவது அவள். போன இரண்டு வருஷமும் தபால்காரரிடம் மோதி மண்ணைக் கவ்வினார்கள். இரண்டு தளபதிகள் அவர் வீட்டு ஜன்னலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவருக்கு ஒரு கண் பெரியது. இன்னொருவருக்கு இரண்டு கையும் இடக்கை. அவசரத்தில் பெட்டியிலிருந்து தப்புக் கையை எடுத்து ஒட்டிவிட்டாள் அண்ணி. பஸ் நிறுத்தத்துக்கு அந்த ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளுக்கு அவர்களைப் பார்த்துத் துக்கம் ஒன்றும் இல்லை. போய்த் தொலையட்டும் என்றுதான் நினைத்திருந்தாள்.

இந்த வருஷத் தலை அப்படியில்லை. மஞ்சள் பசைமாவும் நீலப் பசைமாவும் சம அளவு எடுத்துப் பிசைந்தால் பச்சையாகும். பச்சையானதிலிருந்து ஒன்றரை மணி நேரம். அதற்குள் முகம் வந்துவிட வேண்டும், பிறகு கல். கண்ணில் பெரிதுகாட்டிக் கண்ணாடி, கையில் மெழுகு சுரண்டும் கத்தி. முதல் தலையில் கட்டைவிரல் ரேகை பதிந்து, ஆளுக்கு நெற்றி முழுக்கச் சுருக்கம். இரண்டாவதில் வாய் கோணல். மூன்றாவதும் நான்காவதும் அச்சு அசலாக வீட்டுக்காரர். அந்தக் குடும்பத்து மூக்கு அப்படி. ஐந்தாவது தலையைக் குதிரைமேல் ஏற்றிய அன்று, வேலையிலிருந்து வந்த வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்தார்.

"ஏய், இது நம்ம பிரேக்கு."

யார் என்று அவள் சொல்லவில்லை. அவராகக் கண்டுபிடித்தார். அண்ணி அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

அந்தத் தலையைத்தான் வெட்டச் சொல்கிறாள் நாத்தனார்.

"காரணத்தைச் சொல்லு. நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தது?"

"நேத்துதான் ஆடிப் பார்த்தோமே."

"ஆடிப் பார்த்து உங்க அண்ணன்கிட்ட தோத்தே. அதுக்குத் தலை என்ன பண்ணும்?"

"நான் நல்லா ஆடினேன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டீங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"நீ ஒரு கையில தட்டை வெச்சுக்கிட்டு இன்னொரு கையில பகடை உருட்டினே அண்ணா. மலை எது, மரம் எதுன்னு என்னைக் கேட்டே."

"ஆனா ஜெயிச்சேன்."

ஜெயித்தது உண்மைதான். 'தளபதின்னா முன்னாடி நிக்கணும்' என்று ஊரைக் கூட்டி நியாயம் பேசுகிறவள், நேற்று ஆறு சுற்றும் தளபதியை ஸ்பாஞ்சு மரத்துக்குப் பின்னாலேயே ஒளித்து வைத்திருந்தாள். குதிரையை எடுப்பாள், அரை விரல் நகர்த்துவாள், திரும்ப அதே இடத்தில் வைப்பாள். மேஜைக்கடியில் அவள் வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது. அண்ணி அதைப் பார்த்தாள். நாளெல்லாம் கார் ஓட்டின அலுப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

"மூக்கைப் பாருங்க அண்ணி. இது நானே இல்ல. அண்ணன்."

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அதுக்கு நான் என்ன பண்ண?"

"நான்னே வெச்சுக்கோங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார் வீட்டுக்காரர். "நான் குதிரை ஏறினதே இல்லை."

"நீ சும்மா இரு அண்ணா. அண்ணி, என் மூஞ்சியை நானே பார்த்துக்கிட்டு எப்படி அதைச் சாகறதுக்கு அனுப்பறது? கை வர மாட்டேங்குது. சாதாரணத் தலையா ஒண்ணு வைங்க, மீசை வெச்சு. நான் பாட்டுக்கு அடிச்சு ஆடுவேன்."

"உன் மூஞ்சின்னா அவ்வளவு ஆசையா உனக்கு?"

"ஆசையோ என்னவோ. வெட்டுவீங்களா, மாட்டீங்களா?"

அண்ணி தளபதியை எடுத்துக் கூடத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். நாத்தனார் குள்ளம், அவளுக்கு எட்டாது.

"ஞாயித்துக்கிழமை காலையில நேரா மாடிக்கு வந்துடு. அதுவரைக்கும் இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே."

நாத்தனார் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி, "மீசை வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் பல்கூடத்தில் ஒரு மேல்தாடைக்கு மெழுகு ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அண்ணிக்கு அந்த யோசனை வந்தது. ஒரே ஒரு ஆளுக்கு அவள் முகம் இருப்பதால்தானே கூச்சம்? எல்லாருக்குமே அவள் முகம் இருந்தால்? தெரு முழுக்க ஒரே மாதிரி வீடு கட்டினால் எந்த வீட்டைப் பார்த்துப் பெருமைப்படுவது? அதே கதைதான். பத்தொன்பது காலாட்களும் பிரேக்கு, தளபதியும் பிரேக்கு என்று ஆகிவிட்டால், யாரைப் பொத்திப் பொத்தி வைப்பாள்?

பல் கட்டுகிறவளுக்கு அச்சு எடுப்பது ஒரு வேலையா? அவள் பயந்தது வேறு ஒன்றுக்கு. தளபதியைப் பல்கூடத்துக்கே எடுத்துப்போய், தலைகீழாகப் பிடித்து, கழுத்துப்பட்டைவரை சின்னக் கிண்ணத்துச் சிலிக்கோனில் இறக்கினாள். அது இறுகியதும் உருவ வேண்டும். உருவும்போது மூக்கு உள்ளேயே நின்றுவிட்டால் இரண்டு மாத வேலை போச்சு. அந்தக் குடும்பத்து மூக்கு நீளம் வேறு.

"அசையாதீங்க, ரெண்டே நிமிஷம், வலிக்காது" என்று பழக்க தோஷத்தில் பொம்மையிடம் சொன்னாள். டாக்டர் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு நாக்கில் படிந்துபோனது.

மூச்சைப் பிடித்து உருவினாள். மூக்கு வெளியே வந்தது. அண்ணிக்கும் அப்புறம்தான் மூச்சு வந்தது.

அந்த அச்சில் பல் வார்க்கும் மாவை ஊற்றி எடுத்த முதல் நகல் தேறவில்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் காற்றுக் குமிழி புகுந்து, அலகு போன கிளி மாதிரி இருந்தது. அதை ஒரு சின்ன வட்ட டப்பாவில் போட்டு வைத்தாள். ஒற்றைப் பல்லை டாக்டருக்கு அனுப்புகிற டப்பா. ஆத்திர அவசரத்துக்கு யாருடைய தலையாவது உடைந்தால் ஒட்டலாம் என்று ஒரு எண்ணம். இரண்டாவது நகலிலிருந்து கை பழகிவிட்டது. மூன்று நாள் சாப்பாட்டு வேளையில் பத்தொன்பது தலை, அத்தனையும் பல்லின் நிறத்தில். நகல் என்றால் அசலைவிட ஒரு துளி சுருங்கும். காதோரம் கூர்மை மழுங்கும். அவள் கண்ணுக்குத் தெரிந்தது, வேறு யாருக்குத் தெரியப்போகிறது?

பிறகு அறுவை. பத்தொன்பது காலாட்களின் பழைய தலையை நகை ரம்பத்தால் அறுத்து, கழுத்தில் ஊசித்துளை போட்டு, ஜெம் கிளிப் கம்பியை வெட்டிச் சொருகி, மேலே புதுத் தலையைப் பசை வைத்து உட்காரவைத்தாள். நின்று சாப்பிட வந்த வீட்டுக்காரர், தட்டு ஓரத்தில் சிதறிக்கிடந்த பழைய தலைகளைப் பார்த்து, "இதுல எதையும் நான் கடிச்சுடலையே?" என்று கேட்டார்.

"எண்ணிப் பார்த்துட்டேன். சரியா இருக்கு."

சனிக்கிழமை எல்லாத் தலைக்கும் வண்ணம் பூசி முடித்தாள். ஞாயிறு காலை கிளம்பும்போது வீட்டுக்காரர் அந்த வட்ட டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"இது யாரு? மூக்கே இல்லை. நம்ம குடும்பமே கிடையாது."

"மூடி என் பையில வைங்க. உபரி."

சைக்கிள் கடை மாடியில் டியூப் லைட் வெளிச்சத்தில் படையை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள் அண்ணி. நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். முதலில் ஒரு காலாளைப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் நின்றவனை. குனிந்தாள். மேஜையைச் சுற்றி வந்தாள்.

"அண்ணி."

"சொல்லு."

"இவன் நான்."

"ஆமா."

"இவனும் நான்."

"எல்லாருமே நீதான். இப்ப யாரைக் காப்பாத்தறேன்னு பார்க்கலாம்."

நாத்தனாருக்கு வந்த சிரிப்பில் மேஜை ஆடியது, இரண்டு மரம் சாய்ந்தது. எதிர்ப்பக்கம் நின்ற தபால்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பார்க்கச் சாதுவான மனிதர். பிறத்தியாருடைய பொம்மையை மேஜையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்பார். கேட்டுவிட்டு எடுத்துவிடுவார்.

"ஒரே வீட்டுப் பிள்ளைங்களா மேடம் எல்லாரும்?" என்றார்.

"ஒரே வீடு, ஒரே மூக்கு" என்றார் வீட்டுக்காரர். பிஸ்கட் பொட்டலத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எத்தனையாவது சுற்று என்று உரக்கச் சொல்வது அவர் பொறுப்பு.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஆமா, இதுல அசல் எது அண்ணி?"

"குதிரை மேல இருக்கே, அதுதான்."

நாத்தனாரின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

நடுவில் நீலத்துணி ஆறு, அதன்மேல் அட்டைப் பாலம். ஆறாவது சுற்று முடியும்போது பாலத்தில் யாருடைய ஆட்கள் நிற்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. முதல் சுற்றில் காலாட்களை அவள் நன்றாகத்தான் நடத்தினாள். பத்தொன்பது முகமும் அவளைச் சட்டை செய்யவில்லை, அவளும் அவர்களைச் சட்டை செய்யவில்லை. தபால்காரர், "மன்னிக்கணும்" என்று ஒருவனை எடுத்தார். "எடுத்துக்கோங்க, இன்னும் பதினெட்டு இருக்கேன்" என்றாள். கூடம் சிரித்தது. யோசனை பலித்தது என்று அண்ணி பூரித்துப்போனாள்.

ஆனால் குதிரை மரத்துக்குப் பின்னாலிருந்து அசையவில்லை.

"மூணு" என்றார் வீட்டுக்காரர். "மூணு முடிஞ்சுது. நாலு."

பாலத்தில் காலாட்கள் தத்தளித்தார்கள். தளபதி பக்கத்தில் வந்தால்தான் அவர்களுக்குக் கூடுதலாக ஒரு பகடை கிடைக்கும். இந்தச் சுற்றில் வந்தாக வேண்டும். நாத்தனார் குதிரையை எடுத்தாள். அரை விரல் நகர்த்தினாள். திரும்ப வைத்தாள். அண்ணி மேஜைக்கடியில் பார்த்தாள். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, லாரி நேரே வருகிற மாதிரி.

தபால்காரர் தண்ணீர் குடிக்கத் திரும்பின சமயம் பார்த்து அண்ணி அவள் காதருகே போனாள்.

"என்னடி உனக்கு? அதான் எல்லாருக்கும் உன் மூஞ்சியை வெச்சுட்டேனே. இன்னும் என்ன கூச்சம்?"

"கூச்சமும் இல்லை, ஒண்ணும் இல்லை."

"பின்னே?"

"விடுங்க அண்ணி. நான் இப்படியே சமாளிச்சுக்கறேன்."

"காலை எடு."

"என்ன?"

"பிரேக்குல இருந்து காலை எடு. இங்க பிரேக்கே கிடையாது. யாருக்குப் பயந்து அழுத்தறே?"

நாத்தனார் கீழே பார்த்தாள். தன் காலைத் தானே அப்போதுதான் கண்டவள் மாதிரி இழுத்துக்கொண்டாள். குரலை இறக்கினாள். அவள் குரலை இறக்கி அண்ணி கேட்டதே இல்லை.

"என் மூஞ்சி போனா எனக்கென்ன, கண்ணாடியில தினம் பார்க்கறேன். அது நீங்க செஞ்சது அண்ணி. ரெண்டு மாசம், கண்ணுல தண்ணி வழிய வழிய. அன்னிக்கு அண்ணன் பார்த்த உடனே கண்டுபிடிச்சுட்டாருன்னு போன்ல எங்கிட்ட மூணு தடவை சொன்னீங்க. மூணு தடவையும் புதுசா சொல்ற மாதிரி சொன்னீங்க. இவர் அதைக் கொண்டுபோய் ஜன்னல்ல வெச்சுடுவாரு. நீங்க தினம் அந்த வழியாத்தானே பஸ்ஸுக்குப் போறீங்க? அதான் டிராயர்ல பூட்டி வைங்கன்னு சொன்னேன். கேட்டீங்களா?"

 மூக்கு சரியில்லை, மீசை வை என்று இவள் அடித்த கூத்தெல்லாம் இதற்குத்தானா? மூன்று தடவை சொன்னோமா? சொல்லியிருப்போம்.

மேஜையைப் பார்த்தாள். மரத்துக்குப் பின்னால் குதிரைமேல் உட்கார்ந்திருந்த முகம் தாடையை இறுக்கிக்கொண்டு பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படித்தான் செதுக்கியிருந்தாள். பாயப்போகிறவளின் முகம். அதை மரத்துக்குப் பின்னால் நிறுத்தி வைத்தால், செய்த வேலைக்கு என்ன மரியாதை?

யோசித்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அடி அசடே. அது அசல்னு உன்கிட்டயா சொன்னேன்? அவர் காதுல விழட்டும்னு சொன்னேன்."

"என்னது?"

"அசல் குதிரை மேல இருக்குன்னா, அதைப் பிடிக்கறதுக்காக அவர் பாலத்தை விட்டுட்டு வருவாரு இல்ல? இத்தனை நகல் எடுத்தவ அசலையா கொண்டுவந்து நடுக்களத்துல வைப்பேன்? அதுவும் நகல்தான்."

"அப்ப அசல்?"

அண்ணி பையில் கைவிட்டு வட்ட டப்பாவை எடுத்துக் காதருகே குலுக்கிக் காட்டினாள். உள்ளே மிளகு உருளுகிற சத்தம்.

ஜன்னலோரத்தில் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அண்ணி பார்த்த பார்வையில், திறந்த வாயை வீணாக்காமல் ஒரு முழு பிஸ்கட்டை உள்ளே தள்ளிக்கொண்டார்.

"காட்டுங்க" என்று கை நீட்டினாள் நாத்தனார்.

"மேல ஃபேன் ஓடுது. திறந்தா பறந்துடும். அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல ஆடு."

நாத்தனார் டப்பாவைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க சாதாரண ஆள் இல்லை" என்றாள். பெருமையாகச் சொன்னாள். அண்ணிக்கு எங்கேயோ சுருக்கென்றது. டப்பாவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்க அக்கம்பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். மரத்துக்குப் பின்னாலிருந்து குதிரை புறப்பட்டது. அளவுகோல் வைத்து அளந்தால் எட்டு அங்குலம்தான், ஆனால் நாத்தனார் நகர்த்திய தோரணையில் அது ஆற்றையே தாண்டும் போலிருந்தது. பாலத்து முனையில் போய் நின்றது. காலாட்களுக்குக் கூடுதல் பகடை வந்தது. உருட்டினாள், ஆறு. தபால்காரரின் ஈட்டிக்காரன் ஒருவன் விழுந்தான். இன்னொரு ஆறு, இன்னொருவன்.

"அஞ்சு" என்றார் வீட்டுக்காரர். பிஸ்கட் துகள் பறந்தது.

தபால்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பாலத்தைப் பார்த்தார், தளபதியைப் பார்த்தார். இரண்டில் ஒன்றைத்தான் அடிக்க முடியும். பாலத்தை அடிப்பதுதான் புத்திசாலித்தனம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் அப்படி ஒரு முகம் வந்து நின்றால் மனுஷன் என்ன செய்வார்? இரண்டு வருஷமாக ஜன்னலில் ஒரு கண் பெரியவனையும் இரண்டு கையும் இடக்கையானவனையும் வைத்துப் பராமரிக்கிறவர்.

அண்ணி பகடையைப் பார்க்கவில்லை. அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தை அடிங்க சார், பாலத்தை அடிங்க என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் பலித்தால் நாம் தோற்போம் என்பதும் கூடவே நினைவு வந்தது. வேண்டுவதை நிறுத்தவில்லை.

தபால்காரர் தன் ஆட்களைத் தளபதிமேல் திருப்பினார். உருட்டினார்.

"மன்னிக்கணும் மேடம்" என்றார்.

"எடுத்துக்கோங்க சார், எடுத்துக்கோங்க. உங்களுக்கு இல்லாததா?" என்றாள் நாத்தனார். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவளுடைய தாராளம் அந்தக் குரலில். அதே மூச்சில் பாலத்தில் மிச்சமிருந்த ஏழு பேரையும் நெருக்கி நிறுத்தினாள். தளபதிமேல் பாய்ந்த தபால்காரரின் ஆட்கள் திரும்பி வருவதற்குள், "ஆறு, முடிஞ்சுது" என்றார் வீட்டுக்காரர். பாலத்தின்மேல் ஏழு பிரேக்குகள், ஏழு மூக்குகள்.

கூடம் கைதட்டியது. யாரோ நாத்தனார் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்கள். அவள் ஏழு பேரையும் உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பாராட்டினாள். "நீ பரவாயில்லை. நீ இடதுபக்கம் கொஞ்சம் மெத்தனம். நீ நல்லா நின்னே." தன் முகத்தையே பார்த்துத் தனக்கே மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தாள். தபால்காரர் தோற்றதற்கு ஒன்றும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தளபதியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெறுங்கண்ணோடு மூக்குக்கு மூக்கு வைத்துப் பார்த்தார். அப்புறம் நாத்தனார் கையிலிருந்த காலாளில் ஒருவனை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திரும்பத் தளபதியைப் பார்த்தார்.

தினமும் நூறு வீட்டுக் கையெழுத்தைப் பார்த்துப் பழகிய கண். 

அவர் தலை நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். அண்ணி அவரைப் பார்த்தாள். லேசாகத் தலையை இடமும் வலமும் அசைத்தாள், ஈ ஓட்டுகிற மாதிரி. தபால்காரர் காலாளைத் திருப்பிக் கொடுத்தார். சட்டைப்பையிலிருந்து சலவைக் கைக்குட்டையை எடுத்து, தளபதியை அதில் வைத்து, குழந்தைக்குத் துணி சுற்றுவது போல நாலு பக்கமும் மடித்தார்.

"தெருவைப் பார்த்தே வைக்கிறேம்மா" என்றார் மெதுவாக. "வெயில் படாத மூலையா பார்த்து வைக்கிறேன். போகும்போது வரும்போது பார்க்கலாம்."

"வைங்க சார்" என்றாள் அண்ணி. 

அவர் படியிறங்கிப் போனார். கைக்குட்டை வைத்த பையின்மேல் ஒரு கை இருந்தது. அண்ணி மாடி ஜன்னலிலிருந்து அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்தாள். போனது போகட்டும், யாராவது ஒருவர் நின்று பார்த்து 'யார் செய்தது' என்று அவரிடம் கேட்பார்கள், இவர் சொல்லாமலா இருக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததில் பாதி சமாதானம் ஆயிற்று. மீதிப் பாதி ஆகவில்லை.

பின்னால் வீட்டுக்காரர் பிஸ்கட் பொட்டலத்தை மடித்துக்கொண்டே தங்கையிடம் சொன்னார். "கிளம்பலாமா? இன்னிக்காவது உட்கார்ந்து சாப்பிடணும்."

"இரு அண்ணா, ஒரு நிமிஷம்."

நாத்தனார் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினாள். மேலே ஃபேன் வேகம் குறைந்து, இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி, நின்றது. அவள் அண்ணியின் எதிரே வந்து இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து நீட்டினாள்.

"ஃபேனை நிறுத்திட்டேன் அண்ணி. இப்பத் திறங்க டப்பாவை, அந்த அசல் தலையை ஒரு தடவை கண்குளிரப் பார்த்துக்கறேன்."